மோட்டார் பொருத்திய சைக்கிள்: செயின் டயரை உரசாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்?

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து ஏரிக்கரைச் சாலைகளில் விடியற்காலையில் போகும் சுமையைக் கவனியுங்கள். பால் கேன், கோ-4 தீவனப்புல் கட்டு, கீரை மூட்டை, உழவர் சந்தைக்குப் போகும் கத்தரிக்காய்ச் சாக்கு எல்லாம் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ போவதில்லை. பெரும்பாலும் மொபெட்டில் போகின்றன. பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்திக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் விலை ஒரு காரணம். முழங்கால் வலி இன்னொரு காரணம். இருபது ஆண்டுகளாக ஓட்டிப் பழகிய சைக்கிளை விட மனம் வராததும் உண்டு.

உழவியல் படித்தவன் சைக்கிள் செயினைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். வயலில் விளைந்தது வீடு அல்லது சந்தை போய்ச் சேரும் வரை உள்ள எல்லாமே உழவுக் கருவிதான் என்பது என் கணக்கு. களைக்கருவியின் பல் தேய்ந்தால் ஒரு நாள் வேலை கெடும். பின் சக்கரம் ஓட்டத்தில் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் கீழே விழுவார், மேலே 40 கிலோ மூட்டை விழும். மோட்டார் சைக்கிள்களுக்கும் மொபெட்களுக்கும் செயின் எங்கே ஓட வேண்டும் என்பதைத் தொழிற்சாலை தீர்மானித்து அனுப்புகிறது. நாமே மோட்டார் பொருத்திய சைக்கிளில் அதை நாமோ பட்டறைக்காரரோதான் தீர்மானிக்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

உரசல் எங்கிருந்து வருகிறது?

மிதிக்கும் செயின் வலப்பக்கம் இருப்பதால் மோட்டாரின் செயின் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். மோட்டார் பெடலுக்குப் பக்கத்திலோ, சீட்டுக்குக் கீழோ, கேரியரிலோ இருந்தால், அதாவது சக்கர வட்டத்துக்கு வெளியே இருந்தால், அதன் செயின் டயரைப் பக்கவாட்டில் கடந்துதான் பின்பக்கப் பல்சக்கரத்துக்கு வந்தாக வேண்டும். கடக்கும் அந்த இடம்தான் இந்தக் கட்டுரையின் முழு விஷயமும். மேல் செயின் ஒரு இடத்திலும் கீழ் செயின் ஒரு இடத்திலும் கடக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். பலர் மேல் செயினை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். தளர்வு சேர்ந்து ஆடுவது கீழ் செயின்தான்.

இதே சிக்கலைப் பிரான்சில் 1946 முதல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் வேறு வழியில் தீர்த்தது. அதில் மோட்டாருக்குச் செயினே கிடையாது. முன் டயரின் மேல் ஓர் உருளை அழுந்திச் சுழன்று டயரைத் தள்ளும். உரசல் என்ற பேச்சே இல்லை. ஆனால் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். நம் வரப்புச் சேற்றில் அது எத்தனை அடி தூரம் போகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நமக்குச் செயின்தான் சரி. அதற்குரிய இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கணக்கு எளிது

டயரின் நடுக்கோட்டிலிருந்து செயினின் நடுக்கோடு வரை எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். அதில் டயர் அகலத்தில் பாதியையும் செயின் அகலத்தில் பாதியையும் கழித்தால் மிஞ்சுவதுதான் இடைவெளி.

ஓர் எடுத்துக்காட்டு. நடுக்கோட்டுத் தூரம் 32 மி.மீ. என்று வையுங்கள். நம் ஊர் சாதாரண சைக்கிளில் வரும் 28 x 1½ டயரின் பெயரளவு அகலம் 38 மி.மீ., அதில் பாதி 19. செயினின் மொத்த அகலம் 10 மி.மீ. என்றால் பாதி 5. 32-லிருந்து 24 போனால் 8 மி.மீ. மிஞ்சும். நல்ல இடைவெளி. அதே சைக்கிள் அமைப்பில், சுமை தாங்கட்டும் என்று 50 மி.மீ. அகலமுள்ள கட்டை டயர் போட்டால் 32-லிருந்து 30 போய் 2 மி.மீ.தான் மிஞ்சும். சக்கரத்தில் 2 மி.மீ. கோட்டம் இருந்தால் அதுவும் போயிற்று. ‘டயர் மாற்றிய பிறகுதான் சத்தம் வருகிறது’ என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

டயரில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே நம்பாதீர்கள். ரிம் அகலமாக இருந்தால் டயரும் அகன்று உட்காரும். காற்று முழுதாக அடித்த பிறகு, டயரின் இரு பக்கமும் இரண்டு நேரான பலகைத் துண்டுகளை வைத்து, நடுவே உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலில் பாருங்கள். அந்த அளவே உண்மை.

எவ்வளவு இடைவெளி போதும்? நான் சொல்வது இது. சுமை இல்லாதபோது, சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிக நெருங்கும் இடத்தில் சாதாரணப் பென்சில் ஒன்று உரசாமல் நுழைய வேண்டும். பென்சிலின் தடிமன் ஏறக்குறைய 7 மி.மீ. சுமை ஏற்றிய பிறகு 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டறையில் 2, 3 மி.மீ. இருந்தாலே ‘போதும் சார், ஓடும்’ என்பார்கள். தார்ச் சாலையில் ஒற்றை ஆளாகப் போனால் ஓடும். களிமண் ஒட்டிய டயரோடு இரண்டு கேன் பால் ஏற்றிக்கொண்டு ஓடாது.

சுமை ஏற்றி அளந்தீர்களா?

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். பட்டறையில் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் காற்றில் சுற்றிப் பார்த்து, உரசவில்லை என்று பணம் கொடுத்து வந்துவிடுகிறோம். அந்தச் சக்கரத்தின் மேல் அப்போது ஒரு கிலோகூட இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. 20 லிட்டர் பால் மட்டுமே 20 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், கேனின் எடை தனி. இதோடு ஓட்டுபவரின் எடை. பின் அச்சும் கம்பிகளும் சட்டமும் இந்தப் பாரத்தில் அசைந்துகொடுக்கும். கேன் ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் சக்கரம் அந்தப் பக்கத்து இழுப்புக்கு ஏற்பச் சாயும்.

எனவே நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையையே, வழக்கமாகக் கட்டும் விதத்திலேயே ஏற்றுங்கள். ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் சைக்கிளைப் பிடித்து மெதுவாக உருட்டட்டும். மூன்றாமவர் தரையில் குந்தி, பின்னாலிருந்து இடைவெளியைப் பார்க்கட்டும். மோட்டார் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். உருளும் சக்கரத்துக்குள் ஸ்கேலையோ விரலையோ நீட்ட வேண்டாம். நிறுத்தி அளக்க வேண்டும்.

ஓட்டத்தில் உரசுகிறதா என்று அறிய ஒரு சிறு உபாயம் உண்டு. செயின் பக்கத்து டயரின் பக்கவாட்டுச் சுவரில் சுற்றிலும் சாக்பீஸ் தேய்த்துவிடுங்கள். சுமையோடு ஒரு கிலோமீட்டர் போய் வாருங்கள். செயின் தொட்டிருந்தால் வெள்ளைப் பூச்சின்மேல் எண்ணெய்க் கருப்பு விழுந்திருக்கும். சுற்று முழுவதும் கோடு இருந்தால் செயினின் பாதையே தவறு. ஓரிடத்தில் மட்டும் கீற்றாக இருந்தால் ரிம்மில் கோட்டம், அல்லது டயர் சரியாக உட்காரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை மிச்சம்.

இடது நட்டை மட்டும் இழுப்பவர்கள்

நான் பார்த்த உரசல்களில் அதிகமானவை மோட்டாரைப் பொருத்திய அன்று வந்தவை அல்ல. செயினை இறுக்கிய அன்று வந்தவை.

மோட்டார் செயின் இடப்பக்கம் இருக்கிறது. சில வாரங்களில் தளர்கிறது. பின் அச்சின் இடது நட்டைத் தளர்த்தி, அந்த முனையைப் பின்னுக்கு இழுத்து இறுக்குகிறோம். வலது முனையைத் தொடுவதில்லை, அதைத் தொட்டால் மிதிக்கும் செயின் இறுகிவிடும் என்பதால். என்ன ஆகிறது? அச்சு கோணலாகிறது. இடது முனை பின்னே போனால் சக்கரத்தின் முன் விளிம்பு இடப்பக்கம், அதாவது மோட்டார் செயினை நோக்கித் திரும்பும். பின் அச்சின் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய 11 செ.மீ. தூரம். அச்சிலிருந்து செயின் டயரைக் கடக்கும் இடம் ஏறக்குறைய 33 செ.மீ. ஆகவே இடது முனையை 1 மி.மீ. கூடுதலாக இழுத்தால் டயர் அங்கே 3 மி.மீ. நகரும். 2 மி.மீ. இழுத்தால் 6 மி.மீ. நீங்கள் கவனமாக விட்டிருந்த இடைவெளி ஒரு ஸ்பேனர் திருப்பலில் காணாமல் போகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இடது நட்டு போதிய இறுக்கம் இல்லாவிட்டால், மேட்டில் ஏறும்போது மோட்டாரின் இழுப்பில் அச்சின் இடது முனை முன்னே வழுக்கும். அப்போது டயர் வலப்பக்கம் திரும்பிச் சட்டத்தைத் தொடும். செயின் தளர்ந்து பல்லிலிருந்து கழலும். ‘ஒரு நாள் செயினில் உரசுகிறது, ஒரு நாள் போர்க்கில் உரசுகிறது, என்ன மாயமோ’ என்று வாலாஜாபாத் பக்கம் ஒரு பால்காரர் என்னிடம் கேட்டார். மாயம் ஒன்றுமில்லை. அவர் காலையில் இடது முனையை இழுத்து இறுக்குவார், மோட்டார் அதை மாலைக்குள் முன்னே இழுத்துவிடும்.

காஞ்சிபுரத்தில் நிலமும் தறியும் சேர்ந்தே இருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பாவு ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் துணி எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரியான வரிசை இதுதான். முதலில் மோட்டார் செயினைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பின் சக்கரத்தை நேராக நிறுத்துங்கள். சக்கரத்தின் முன் விளிம்பருகே ரிம்முக்கும் இருபக்கச் சட்டக் குழாய்களுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். மிதிக்கும் செயினின் தளர்வை இந்த நிலையில், இரண்டு பக்க செயின் அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இரண்டு நட்டுகளையும் நன்றாக இறுக்குங்கள். அதன் பிறகு மோட்டார் செயினை மாட்டுங்கள். அதன் தளர்வைச் சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்யக் கூடாது. மோட்டாரை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

அதற்கு மோட்டாரைத் தாங்கும் தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வேண்டும். எவ்வளவு நீளம்? சைக்கிள் செயினில் ஒரு இணைப்பு அரை அங்குலம், 12.7 மி.மீ. செயினைக் குறைக்கும்போது உள் இணைப்பு ஒன்றும் வெளி இணைப்பு ஒன்றும் சேர்த்து ஓர் அங்குலம் குறையும். அது மேலும் கீழுமாகப் பிரியும், எனவே மோட்டார் நகர வேண்டியது அரை அங்குலம். நீள்துளையில் போல்ட் நகர 15 மி.மீ. இடம் இருந்தால் எந்தச் செயினையும் சரிப்படுத்தலாம். பட்டறையில் இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி இதோடு நீங்கும்.

பல்சக்கரமும் ரிம்மும்

சில அமைப்புகளில் மோட்டாரின் பின் பல்சக்கரத்தை ஹப்பில் திருகாமல், கம்பிகளின்மேல் ரப்பர் வளையம் வைத்துப் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். செலவு குறைவு. ஆனால் ஒரு பக்கப் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பல்சக்கரம் தட்டையாக நிற்காது. சுழலும்போது உள்ளும் வெளியுமாக ஆடும், செயினும் அதோடு ஆடும். போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். லாரி சக்கரத்து நட்டை இறுக்குகிறார்களே, அதே முறை. இறுக்கியபின் சட்டத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் முனையைப் பல்சக்கரத்தின் முகத்துக்கு அருகில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஆட்டம் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் மறுபடி தளர்த்தி இறுக்குங்கள். செயின் ஓரிடத்தில் இறுகி எதிர்ப்புறம் தளர்ந்தால் பல்சக்கரம் மையத்தில் இல்லை என்று பொருள்.

இரு பல்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதற்குக் கொத்தனார் முறைதான். பின் பல்சக்கரத்தின் முகத்தோடு ஒட்டி நூல் பிடித்து மோட்டாரின் சிறு பல்சக்கரம் வரை இழுங்கள். நூல் அதன் முகத்தையும் ஒட்டிப் போக வேண்டும். 2 மி.மீ. விலகினாலும் செயின் ஒருபக்கமாக ஏறி ஓடும், பல் ஒரு பக்கம் கூராகத் தேயும்.

ரிம்மின் கோட்டத்தைச் சைக்கிள் கடையிலேயே எடுத்துவிடலாம். கேரியரில் மோட்டார் வைத்தவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் செயின் டயரின் மேற்பகுதியைக் கடக்கிறது. அங்கே அச்சின் முன்பின் கோணலைவிட ரிம்மின் ஆட்டமும் ஹப்பின் ஆட்டமும்தான் இடைவெளியைத் தின்னும். ரிம்மை இடமும் வலமும் அசைத்தால் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் கோனையும் குண்டுகளையும் பார்த்த பிறகே மற்ற வேலை.

சட்டமே கோணலாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள், சுமை சுமந்து பழசான சைக்கிள் என்றால் அவசியம். பின் அச்சின் இடது முனையில் நூலைக் கட்டி, முன்னே ஹேண்டில் பார் நுழையும் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து வலது முனையில் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் இருபக்க நூலுக்கும் உள்ள தூரம் சமமாக வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சட்டத்தில் மோட்டார் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டறையில் செய்யக் கூடாதவை

உரசுகிறது என்றதும் முதலில் செய்வது அச்சின் ஒரு பக்கம் மட்டும் வாஷர் போட்டுச் சக்கரத்தை மறுபக்கம் தள்ளுவது. செயின் பக்கம் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சக்கரம் நடுவில் இல்லை. பிரேக் கட்டைகள் ஒன்று உரசும், ஒன்று எட்டாது. மிதிக்கும் செயினின் நேர்கோடும் போயிற்று.

இரண்டாவது, சட்டக் குழாயை கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி வெளியே வளைப்பது, அல்லது சுத்தியலால் தட்டிப் பள்ளம் செய்வது. மெல்லிய குழாய் அது. வளைத்த இடத்தில் விரிசல் விழும். பாரம் ஏற்றும் சைக்கிளில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது மிக ஆபத்தானது. செயின் தளர்வை எடுக்க இடது சட்டக் குழாயில் ஒரு சிறு உருளையைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். அந்தக் குழாய் உருண்டையானது, பின்னோக்கிப் போகப் போக மெலிவது. செயின் இழுக்கும்போது கிளாம்ப் குழாயைச் சுற்றித் திரும்பும். உருளை உள்பக்கம் சாயும், செயினையும் உள்ளே இழுக்கும். முதலில் டயரை உரசும். இன்னும் சாய்ந்தால் உருளையே கம்பிகளுக்குள் போகும். ஓட்டத்தில் பின் சக்கரம் அந்த நொடியே நிற்கும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், பின்னால் இரண்டு கேனோடு, பின்தொடர்ந்து வரும் லாரிக்கு முன்னால் அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. நீள்துளை வைத்து மோட்டாரை நகர்த்தினால் இந்த உருளையே தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால், திரும்ப முடியாதபடி இரண்டு இடங்களில் போல்ட் போட்ட தகட்டில் பொருத்துங்கள். ஒற்றைக் கிளாம்பை நம்பாதீர்கள்.

இடம் உண்டாக்கும் வழிகள்

எல்லாம் நேராக இருந்தும் இடைவெளி போதவில்லை என்றால் முதல் வழி மெல்லிய டயர். பணமும் குறைவு, வேறு எதையும் தொட வேண்டியதில்லை. சுமைக்குக் கட்டை டயர்தான் நல்லது என்பது முழு உண்மையல்ல. நல்ல தரமான 1½ அங்குல டயர், காற்று சரியாக இருந்தால், பல ஆண்டுகளாக இதே ஊரில் நெல் மூட்டை சுமந்திருக்கிறது.

அடுத்த வழி, செயினையே வெளியே தள்ளுவது. பின் பல்சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் பகுதிக்கும் நடுவே 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள வளையம் வைக்கலாம். எவ்வளவு பின்னே தள்ளுகிறீர்களோ அதே அளவு முன்னேயும் மோட்டாரைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் நேர்கோடு கெடும். போல்ட் நீளம் போதுமா என்று பாருங்கள். நட்டு முழுதாக ஏறி, ஓரிரு புரி வெளியே தெரிய வேண்டும். கிண்ணம்போல் சற்றுக் குழிந்த பல்சக்கரமாக இருந்தால் அதைத் திருப்பிப் போட்டாலே சில மி.மீ. கிடைக்கும். இதற்கு வாஷர்கூட வேண்டாம். ஆனால் வெளியே தள்ளிய செயின் சட்டக் குழாயையோ மட்கார்டு கம்பியையோ தொடாமல் இருக்க வேண்டும். டயரிடமிருந்து காப்பாற்றிய செயினைக் குழாயில் தேய விட்டால் குழாய் அறுந்துவிடும்.

செயின் தளர்வு அரை அங்குலம். கீழ் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ஏறக்குறைய 12 மி.மீ. ஆட வேண்டும். சக்கரத்தை நான்கு நிலைகளில் நிறுத்திப் பாருங்கள், மிக இறுகும் நிலையில் இந்த அளவு இருக்கட்டும். நரம்புபோல் இறுக்கினால் மோட்டாரின் பேரிங் போய்விடும். நீண்டுபோன செயினை எவ்வளவு சரிசெய்தாலும் பக்கவாட்டில் நெளியும். 24 இணைப்புகளை ரிவெட் மையத்திலிருந்து ரிவெட் மையம் வரை அளந்தால் புதுச் செயின் 305 மி.மீ. இருக்கும். 308 வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சேறும் வைக்கோலும்

பட்டறைக்காரர் கணக்கில் வராத ஒன்று நம் கணக்கில் வரும். சொர்ணவாரி அறுவடையின்போது வைக்கோல் துணுக்குகள் செயினோடு சுற்றிப் பல்சக்கரத்தில் ஏறும். பல்லுக்கும் செயினுக்கும் நடுவே வைக்கோல் மெத்தைபோல் அடைத்தால் செயின் உயர்ந்து கழலும். சம்பா நடவு நேரத்தில் ஏரிப் பாசன வயல்களின் களி மண் டயரின் பக்கவாட்டில் ஒட்டிக் காயும். பக்கத்துக்கு 3 மி.மீ. ஒட்டினாலே போதும், நீங்கள் விட்ட 5 மி.மீ.யில் மிஞ்சுவது 2. அந்த மண்ணில் மணலும் இருந்தால், பாலாற்றங்கரை ஊர்களில் இருக்கும், செயின் எண்ணெயோடு சேர்ந்து சாணைபோல் அறுக்கும். வரப்பிலிருந்து சாலையில் ஏறும் முன் ஒரு குச்சியால் டயரின் பக்கத்தைச் சுரண்டிவிடுவது அரை நிமிட வேலை. வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, கியர் ஆயில் சில சொட்டு விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மண்ணைத்தான் சேர்க்கும்.

வேட்டியும் புடவை முந்தானையும் நம் உடை. மோட்டார் செயினுக்குத் தகட்டு மூடி கட்டாயம். அந்த மூடியும் செயினை உரசாமல் நிற்க வேண்டும்.

மொபெட் வைத்திருப்பவர்களுக்கு

ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980-இல். அதற்குப் பின் வந்த எக்ஸ்எல் வண்டிகள்தான் இன்று கிராமத்தின் சுமைதூக்கிகள். தொழிற்சாலை வைத்த இடைவெளியை நாமாகக் கெடுக்காதவரை அவற்றில் செயின் டயரைத் தொடாது. கெடுக்கும் வழிகள் மூன்றைப் பார்க்கிறேன். 2.50-16 டயருக்குப் பதிலாக அதைவிடப் பெரியது போடுவது. செயின் அட்ஜஸ்டரில் இரு பக்கக் குறிகளும் சமமாக இல்லாமல் இறுக்குவது. சக்கரப் பேரிங் தேய்ந்தும் ஓட்டிக்கொண்டே இருப்பது. கையேட்டில் சொல்லியிருக்கும் சுமை அளவில் ஓட்டுபவரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சி.சி.க்கு மேற்பட்ட என்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம். சைக்கிளில் 48 சி.சி. என்ஜின் பொருத்திப் பொதுச் சாலையில் ஓட்டினால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் பொருத்தியதற்கு அவை கிடைப்பது கடினம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும். மின் மோட்டார் என்றால், 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டு, விதிகளின்படி சோதனைச் சான்று பெற்ற வண்டிக்குப் பதிவு தேவையில்லை. புதிதாகச் செலவு செய்யப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்து வாங்குங்கள்.

கை வைக்கும் முன்

செயினைத் துடைக்கும்போது விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே போவது நொடியில் நடக்கும். சாவியை அணைத்தால் மட்டும் போதாது. மின் மோட்டார் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை விளையாட்டாக ஆக்சிலேட்டரைத் திருகினாலும் எதுவும் நடக்கக் கூடாது. பெட்ரோல் என்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியை எடுத்துவிடுங்கள். சுழலும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சக்கரத்தை நிறுத்தி, ஒரு சாண் செயினைத் துடைத்து, கையை எடுத்து, சக்கரத்தை நகர்த்தி, அடுத்த சாண்.

வட்டார விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களில் இதற்கென்று தனி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்து நிற்கும் வண்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பென்சில், கொஞ்சம் நூல், ஒரு சாக்பீஸ் வைத்துப் பத்து நிமிடத்தில் செய்து காட்டிவிடலாம். டயரின் பக்கவாட்டில் நூலிழை தெரியும் அளவுக்கு உரசியிருந்தால் அந்த டயரை அன்றே மாற்றச் சொல்லுங்கள். அது சுமையோடு வெடிக்கும்.

புதிதாகப் பொருத்தியவர்கள், அல்லது இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சரிசெய்தவர்கள், சுமையோடு முதல் பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை மறுபடி இறுக்கி, பென்சிலை மறுபடி நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.